கடைவீதி கைப்பேசிக்குள் வந்த பின்

தமிழ் இலக்கியம் பயின்றார்க்குக் காவிரிப்பூம்பட்டினம் என்னும் பெயர் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, அந்நகரின் துறைமுகத்தையும் பண்டங்கள் குவிந்த தெருக்களையும் மட்டும் பாடி நிற்கவில்லை. அங்கு வாழ்ந்த வணிகரின் நெஞ்சத்தையும் பாடியது. பிறரிடம் வாங்குங்கால் உரியதற்கு மேல் பெறமாட்டார். விற்குங்கால் அளவைச் சுருக்கமாட்டார். விலையை மறைக்காமல் யாவரும் அறியச் சொல்வார் என்பது அவ்வணிகர்க்குப் புலவர் வழங்கிய நற்சான்று. கடற்கரையில் இருந்த அந்தப் பட்டினம் வேறு. தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் நமது காவேரிப்பட்டினம் வேறு. ஆயினும் பெயரில் உள்ள ஒற்றுமை நெறியிலும் இருத்தல் வேண்டும் என்று விழைவதில் தவறில்லை.

நம் ஊரின் அமைப்பே வணிகத்திற்கு வாய்ப்பானது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒலிக்கும் எல்லைப்புறம் இது. ஒருபுறம் ஓசூரின் தொழிற்சாலைகள், மறுபுறம் மாந்தோப்புகள், இடையில் பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் நெடுஞ்சாலை. மாங்கனி விற்பவர், வீட்டில் நிப்பட்டும் முறுக்கும் செய்து விற்கும் பெண்கள், தையற்கலைஞர், பழைய வண்டி வாங்கி விற்பவர் என அனைவரும் இன்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் கடை விரித்துள்ளனர். முன்பணம் இல்லாதவரும், கடைவாடகை கொடுக்க இயலாதவரும், வீட்டைவிட்டு வெளியே வர வாய்ப்பற்ற பெண்களும் வணிகம் செய்ய இவ்வசதி வழிவகுத்துள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், புதிய சந்தைக்குப் புதிய நெறி என்று எண்ணிப் பழைய நெறியைக் கைவிடுவோர் பெருகிவருகின்றனர் என்பதே நம் கவலை. சமூக வலைத்தளங்களில் வணிகர் செய்யும் தவறுகள் பலவாயினும் அவற்றின் வேர் இந்த ஒன்றுதான் என்பது என் துணிபு.

படம் ஒன்று, பண்டம் ஒன்று

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், படிப்பு முடிந்ததும் மாம்பழம் அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். தம் உறவினர் தோப்பில் விளைந்த செந்தூராப் பழத்தைப் பெட்டிகளில் அடுக்கிப் பெங்களூருக்கு அனுப்பிவந்தார். விளம்பரத்திற்கு அவர் பயன்படுத்திய படமோ அத்தோப்பின் பழம் அன்று. எங்கிருந்தோ எடுத்த, மெருகூட்டப்பட்ட அல்போன்சாவின் படம். "படம் அழகாக இருந்தால்தானே ஐயா வாங்குவார்கள்?" என்று என்னிடமே கேட்டார்.

முதல் வாரம் பெட்டிகள் விரைவாக விற்றன. இரண்டாம் வாரம், படத்தில் இருந்த பழம் பெட்டியில் இல்லை என்று சிலர் அவருடைய பக்கத்திலேயே எழுதினர். அவர் அவ்வரிகளை அழித்தார். அழித்ததையும் படம் பிடித்து வைத்திருந்த ஒருவர் அதனை வேறு குழுக்களில் பரப்பினார். அந்தப் பருவம் முடியும் முன்பே தொழில் முடிந்தது. இத்தனைக்கும் அவர் அனுப்பிய செந்தூரா நல்ல பழம்! தன் பழத்தின் மீது தனக்கே நம்பிக்கை இல்லாததுபோல் நடந்துகொண்டதுதான் அவர் செய்த பிழை.

அவருடைய பாட்டனார் சாலையோரத்தில் பழம் விற்றவர். வருவோர்க்கு முதலில் ஒரு பழத்தை அரிந்து ஒரு துண்டு கொடுத்துவிட்டுத்தான் விலை பேசுவார். அந்தத் துண்டுதான் அவருடைய விளம்பரம். கைப்பேசி வழியே துண்டு கொடுக்க இயலாது. ஆகையால் அங்கே உண்மையான படமும் உண்மையான சொல்லுமே அந்தத் துண்டின் இடத்தில் நிற்கவேண்டும். பழத்தின் பெயர், எடை, பறித்த நாள், எப்படிப் பழுக்க வைக்கப்பட்டது என்பனவற்றை அப்படியே சொல்லலாம். கார்பைடு கல்லால் கனிகளைப் பழுக்கவைப்பது நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடை செய்யப்பட்டது. ஆதலின் 'இயற்கையாகப் பழுத்தது' என்று எழுதுபவர், அச்சொல்லுக்குப் பொறுப்பேற்கவும் வேண்டும்.

விலைக்கு வாங்கிய புகழ்

அடுத்த தவறு, புகழைக் காசு கொடுத்து வாங்குவது. பின்தொடர்வோர் ஆயிரம் பேர் வேண்டுமா, பாராட்டுரை நூறு வேண்டுமா, எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. உறவினரையும் நண்பரையும் கொண்டு, வாங்காத பொருளைப் 'பயன்படுத்தினேன், அருமை' என்று எழுதச் சொல்வோரும் உளர். ஆயிரம் பேர் பின்தொடரும் கடையில் பத்துப் பேர்கூடப் பேசுவதில்லை என்றால், பார்ப்பவர்க்கு உண்மை விளங்காமலா போகும்?

இது நெறிப் பிழை மட்டுமன்று. சட்டத்தின் கண்ணுக்கும் தப்பாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. திசைதிருப்பும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர் அதனை எளிதில் புரியும் வகையில் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்ற நெறிமுறை 2023 ஜனவரியில் வெளியிடப்பட்டது. இணையத்தில் இடம்பெறும் பொய்யான மதிப்புரைகளைத் தடுக்கும் நோக்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தர அளவையே வகுத்துள்ளது. நம் இளைஞரில் பலர் இவற்றை அறியார். அறியாமை பிழையை மன்னித்துவிடாது.

விலை சொல்லாக் கடை

மூன்றாவது தவறு சிறியது போலத் தோன்றும். ஆனால் வாடிக்கையாளரை மிகுதியாக விரட்டுவது அதுவே. பொருளின் படத்தைப் போட்டுவிட்டு, 'விலைக்குத் தனிச்செய்தி அனுப்புக' என்று எழுதுகின்றனர். கடைக்குள் நுழைந்தவர் விலை கேட்டால், காதோடு காதாக வந்து கேள் என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? ஆளுக்கொரு விலை சொல்லப்போகிறார் என்ற ஐயமே அங்கு எழும். விலையை யாவரும் அறியச் சொன்ன வணிகரைப் பட்டினப்பாலை போற்றியது ஏன் என்பது இப்போது விளங்கும்.

முகவரி கொடாமை, கேட்ட கேள்விக்கு மூன்று நாள் கழித்து விடை தருதல், உணவுப்பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதினான்கு இலக்கப் பதிவெண்ணைப் பெறாமலே விற்றல் ஆகியனவும் இவ்வகையின. உறவினர் குழுவிலும் தெருக் குழுவிலும் நாளுக்கு ஐந்து முறை ஒரே விளம்பரத்தை அனுப்புவோர், அடுத்த வீட்டுக் கதவை நாளுக்கு ஐந்து முறை தட்டுவதற்கு அது ஒப்பாகும் என்பதை உணரவேண்டும். இன்னும் ஒன்று: நம் வாடிக்கையாளரில் கன்னடம் பேசுவோரும் உருது பேசுவோரும் உளர். சந்தையில் அவரவர் மொழியில் பேசி விற்கும் நம் மக்கள், கைப்பேசியில் மட்டும் பிழை மலிந்த ஆங்கிலத்தில் எழுதுவது ஏன்? எளிய, பிழையற்ற தமிழும் அதனருகில் இரண்டு வரி கன்னடமும் அதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

குறை சொன்னவரோடு சண்டை

எல்லாவற்றினும் பெரிய தவறு, குறை கூறுபவரைப் பகைவராகக் கருதுவது. இத்தவறைச் சிறு வணிகர் மட்டுமே செய்வார் என்று எண்ணற்க. நம் மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் எழுந்துள்ள ஓலா எலக்ட்ரிக் தொழிற்சாலையை அறியாதார் இல்லை. 2021 ஆகஸ்டு 15 அன்று அந்நிறுவனம் தன் மின்சார இருசக்கர வண்டியை அறிமுகம் செய்தபோது சமூக வலைத்தளங்களே அதன் முதன்மையான முரசாக இருந்தன. தலைவரான பவிஷ் அகர்வால் தாமே அங்கு எழுதிவந்தார்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. பழுதுபார்க்கும் நிலையமொன்றின் முன் வண்டிகள் தூசு படிந்து வரிசையாக நிற்கும் படத்தை நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா எக்ஸ் தளத்தில் வெளியிட்டு, இந்திய நுகர்வோரின் குரலைக் கேட்பார் உண்டா என்ற பொருளில் வினவினார். நிறுவனத் தலைவர் அதற்குக் கொடுத்த மறுமொழி, குறையைப் பற்றியதாக இல்லை. குறை சொன்னவரைப் பற்றியதாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு எழுதியதாகச் சாடினார். அவரது தொழிலையும் தோற்றுப்போனதென இகழ்ந்தார். அதுவரை பலர் அறியாதிருந்த குறை, அந்த ஒரு மறுமொழியால் நாடு முழுவதும் பேசுபொருளாயிற்று. தத்தம் வண்டிகளின் பழுதைப் பற்றி வாடிக்கையாளர் பலர் திரண்டு எழுதத் தொடங்கினர். மறுநாள் பங்குச்சந்தையில் அந்நிறுவனத்தின் பங்குவிலை ஏறத்தாழ எட்டு விழுக்காடு சரிந்தது. சரிவுக்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆயினும் அன்றைய செய்திகள் அனைத்தும் இந்தச் சொற்போரையே பேசின. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் அதே நாட்களில் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்டு வரையிலான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திற்கு வந்த 10,644 முறையீடுகள் அதற்கு அடிப்படையாயின. அவற்றில் 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் பின்னர் அறிவித்தது.

இங்குத்தான் நாம் நின்று எண்ணவேண்டும். இத்தனை முறையீடுகளும் தீர்க்கப்பட்டன என்பது மெய்யானால், அதனை அன்றைக்கே அமைதியாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? 'வருந்துகிறோம், எத்தனை வண்டிகள் நிலுவையில் உள்ளன, எந்நாளுக்குள் திருப்பித் தருவோம் என்பது இது' என்று இரண்டு வரி போதும். சந்தையில் ஒருவர் வந்து தராசில் குறை சொன்னால், நல்ல வணிகர் மீண்டும் ஒருமுறை நிறுத்துக் காட்டுவார். சொன்னவரின் பிறப்பையும் பிழைப்பையும் பழிக்கமாட்டார். ஏனெனில் சுற்றி நிற்பவர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். கைப்பேசிச் சந்தையில் சுற்றி நிற்பவர் இலட்சக்கணக்கானோர்.

இரவல் நிலத்தில் எழுப்பிய வீடு

கடைசியாக ஒன்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அதனை மட்டுமே நம்பி வாடிக்கையாளரைச் சேர்த்தவர்களின் கடைகள் ஓரிரவில் மறைந்தன. 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பிறர் நிலத்தில் குடியிருப்பவர் தமக்கெனவும் ஒரு பிடி மண் வைத்திருத்தல் வேண்டும். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும், அவர் சென்றமுறை வாங்கியது என்ன என்பதும் எழுதப்பட்ட ஒரு குறிப்பேடு, அவ்வளவே அந்த மண். அவர் நம்பிக் கொடுத்த எண்ணை வேறொருவர்க்கு விற்காதிருத்தலும் அந்நெறியைச் சேர்ந்ததே.

இரு தரப்பாரும் சொல்வது

இளைஞர் சிலர், "மிகைப்படுத்தாமல் எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்?" என்பர். திரும்பிப் பார்க்க வைப்பது வேறு. திரும்பி வரவைப்பது வேறு. ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வருவதில்தான் சிறு வணிகரின் வாழ்வு இருக்கிறது. பெரியோர் சிலர், "பொய்யும் ஆரவாரமும் நிறைந்த அந்த இடமே நமக்கு வேண்டாம்" என்பர். அவர்களை நான் பணிவோடு மறுக்கிறேன். நேர்மையானவர் ஒதுங்கிக்கொண்டால் அந்தச் சந்தை நேர்மையற்றவர்க்கே உரியதாகிவிடும். மேலும், நாற்பது ஆண்டுக் காலம் ஒரே தெருவில் கடை வைத்து, கடன் சொன்னவரையும் குறை சொன்னவரையும் இன்முகத்தோடு கையாண்ட பட்டறிவு அப்பெரியோரிடம் அல்லவா இருக்கிறது? பேரனின் கைப்பேசியை ஒருநாள் வாங்கிப் பார்த்து, "இந்த ஆளுக்கு இப்படி விடை சொல்லாதே, தம்பி" என்று சொல்ல அவர்களைவிடத் தகுதியுடையார் யார்?

தமிழ்த்துறை மாணவர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. ஒரு பொருளைப் பொய்யின்றிச் சுவைபட நான்கு வரியில் எழுதுவதும், சினந்து எழுதியவர்க்குச் சினமின்றி விடை எழுதுவதும் மொழிப்பயிற்சியே. நம் ஊரில் நிப்பட்டு செய்யும் ஒரு தாய்க்கோ, மாந்தோப்பு வைத்திருக்கும் ஓர் உழவர்க்கோ ஒவ்வொரு மாணவரும் அவ்வாறு எழுதிக் கொடுத்தால், வகுப்பறையில் பயின்ற தமிழ் ஒரு குடும்பத்திற்குச் சோறிடும்.

பழைய சந்தையில் சொன்ன பொய், சந்தை கலைந்ததும் காற்றோடு போயிற்று. புதிய சந்தை கலைவதே இல்லை. அங்கு சொன்ன சொல் அழிவதும் இல்லை. ஆகவே, வள்ளுவர் நடுவுநிலைமையில் வைத்துப் பேசிய வணிக நெறி, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணும் அந்த நெறி, முன்னெப்போதையும்விட இப்போதே நமக்கு மிகுதியும் தேவைப்படுகிறது. என் மாணவர் இந்தப் பருவத்தில் மீண்டும் தொழில் தொடங்கியிருக்கிறார். இம்முறை அவர் வெளியிட்டிருக்கும் படத்தில் பழத்தின் மேல் ஒரு கரும்புள்ளியும் தெரிகிறது. அடியில் விலையும் எடையும் எழுதப்பட்டுள்ளன. நான் ஒரு பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.