தேடல் முடிவில் மறைந்த நடுகற்கள்: கட்டமைத்த தரவும் தமிழ்த்துறையின் பொறுப்பும்

திருவண்ணாமலையில் உள்ள கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை, செங்கம் வட்டார நடுகற்களுக்கு விவரப் பட்டியல் ஒன்றை உருவாக்கிச் சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் வெளியிட்டது. கல் ஒன்றுக்கு ஒரு பக்கம் என்பது திட்டம். ஊர், அரசன், ஆட்சியாண்டு, வீரன், பூசலுக்கான காரணம், எழுத்துவகை, பதிப்பு விவரம் ஆகியவை படிப்போருக்கு உரைநடையாகவும், தேடுபொறிக்குக் கட்டமைத்த தரவாகவும் ஒரே பக்கத்தில் இடம்பெற்றன. கூகுள் நிறுவனத்தின் தரவுத்தொகுப்புத் தேடலில் அப்பதிவுகள் தம் பெயருடனும் விளக்கத்துடனும் கிடைத்து வந்தன. பின்னர் ஒருநாள் அவை அங்கு இல்லை. அப்பட்டியல் உருவாக்கத்தில் இக்கட்டுரையாளருக்கும் பங்குண்டு. காரணங்களைக் கண்டறிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று.

இத்தகைய இழப்பைக் கணினியாளரின் வேலை என்று ஒதுக்குவது நம் துறைகளில் வழக்கமாகிவிட்டது. ‘தமிழ் என்றால் கூகுள் இப்படித்தான் செய்யும்’ என்று நொந்துகொள்வது மற்றொரு வழக்கம். இரண்டும் பொருந்தா என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு. நாங்கள் கண்ட பழுதுகளுள் ஒன்றிரண்டே கணினி சார்ந்தவை. எஞ்சியவை யாவும் விவரணைப் பிழைகள். விவரணை என்பதோ சுவடி விளக்க அட்டவணை எழுதிப் பழகிய நம் தொழில்.

கட்டமைத்த தரவு என்பது யாது எனச் சுருங்கக் கூறுதல் நலம். கூகுள், பிங், யாஹூ ஆகிய மூன்றும் 2011இல் கூடி ஸ்கீமா.ஆர்க் என்னும் பொதுச் சொற்றொகுதியை உருவாக்கின; யாண்டெக்ஸ் அதே ஆண்டில் இணைந்தது. ஒரு பக்கத்தில் ‘இது நூலின் பெயர்’, ‘இது ஆசிரியர் பெயர்’, ‘இது இடம்’ என ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர் சூட்டும் முறையை அது வகுத்தது. நூலக அட்டையில் தலைப்புக்கு ஓரிடமும் ஆசிரியருக்கு ஓரிடமும் வரையறுப்பது போன்றதே இது. அட்டையைப் படிப்பவர் நூலகர் அல்லர், எந்திரம் என்பது மட்டுமே வேறுபாடு. எந்திரம் ஊகித்துப் பொருள் கொள்ளாது.

பதிவு மறைந்தது என்று கூறுமுன், மறைந்தது எது என்று பிரித்தறிதல் வேண்டும். பக்கமே தேடுபொறியின் அட்டவணையிலிருந்து நீங்கியிருக்கலாம். பக்கம் இருக்க, அதன் சிறப்புத் தோற்றம் மட்டும் நீங்கியிருக்கலாம். இரண்டாவது நேர்ந்தால், அவ்வகையை நிறுவனமே கைவிட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். டேட்டா வொகாபுலரி என்னும் பழைய சொற்றொகுதிக்கான ஆதரவை கூகுள் 2021 சனவரியில் முடித்துக்கொண்டது. வினா விடை வகையின் சிறப்புத் தோற்றத்தை 2023 ஆகஸ்டில் அரசு, நலவாழ்வுத் தளங்களுக்குள் சுருக்கியது. செய்முறை வகையை அடுத்த மாதமே நீக்கியது. 2025 சூனில் மேலும் ஏழு வகைகளைக் கைவிடுவதாக அறிவித்தது. அவ்வாறு நீங்கியவற்றைத் தம் தளத்தின் பிழை என்று கருதித் திருத்த முயன்றோர் பலர். திருத்துவதற்கு அங்கு ஒன்றுமில்லை. தரவு சரியாக இருப்பினும் சிறப்புத் தோற்றத்துக்கு உறுதி இல்லை என்பதை அந்நிறுவனம் தன் வழிகாட்டு நெறிகளிலேயே கூறிவிடுகிறது.

திருவண்ணாமலைக்கே உரிய ஒரு மயக்கமும் உண்டு. பௌர்ணமி தோறும், சிறப்பாகக் கார்த்திகைத் தீபத்தின் போது, இவ்வூர்ப் பெயரை இட்டுத் தேடுவோர் கிரிவல நேரமும் பேருந்து விவரமும் தங்கும் விடுதியும் நாடுபவர். அந்நாள்களில் ஆய்வுப் பக்கம் கீழே போவது இயல்பு. அதனை இழப்பாகக் கொள்ளலாகாது. ஒரு வளர்பிறையின் எண்ணிக்கையை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே முறை.

எங்கள் நிகழ்வில் முதற்காரணம் எளியது. நாக் குழுவின் வருகையை முன்னிட்டுத் தளத்தின் தோற்றம் புதுப்பிக்கப்பட்டது. (கல்லூரித் தளங்கள் அவ்வமயத்தில்தான் புதுமை காண்கின்றன.) புதிய வார்ப்புரு, பழைய பக்கங்களின் உள்ளே இருந்த கட்டமைத்த தரவைக் கைவிட்டுவிட்டது. கண்ணுக்குப் பக்கம் முன்போலவே இருந்ததால் எவரும் அறியவில்லை. தரவை மீண்டும் இட்ட பின்னும் பதிவுகளுள் ஒரு பகுதியே திரும்பியது. இங்கிருந்துதான் பிரச்சினை தமிழ்த்துறையின் மேசைக்கு வந்தது.

கல்வெட்டு வாசகத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுவது நம் மரபு. கட்டமைத்த தரவை எழுதப் பயன்படும் ஜேசன் வடிவத்தில் இரட்டை மேற்கோள் என்பது ஒரு மதிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறி. விளக்கத்தின் நடுவே வாசகம் வந்ததும் மதிப்பு அங்கேயே முடிந்துவிட்டதாக எந்திரம் கொள்கிறது. பின்வருவது பிழையாகி அப்பதிவு முழுதும் தள்ளப்படுகிறது. அடுத்து, தரவுத்தொகுப்பின் விளக்கம் 50 எழுத்துருக்களுக்குக் குறையாமலும் 5000க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்பது கூகுளின் விதி. எங்கள் பக்கங்கள் சிலவற்றில் விளக்கம் என்னும் இடத்தில் ‘சிதைந்த நடுகல்’ என இரு சொற்களே இருந்தன. சிதைந்த கல்லைப் பற்றி எழுத என்ன உண்டு என்று அப்போது எண்ணியது எங்கள் சோம்பல். சிதைவின் அளவு, எஞ்சிய உருவம், கல் நிற்கும் இடம், முன்னர்ப் படித்தோர் கண்டது என எழுத நிறையவே உண்டு.

காலம் குறிக்கும் இடம் இன்னும் சிக்கலானது. அவ்விடம் ஐஎஸ்ஓ 8601 என்னும் தர அளவுப்படி ஆண்டெண்ணை எதிர்பார்க்கிறது. நடுகல்லோ அரசனின் ஆட்சியாண்டைத் தருகிறது. கணினி உதவியாளர் ஒருவர் நல்லெண்ணத்துடன் இணையத்தில் கண்ட ஆண்டு ஒன்றை முதலாம் மகேந்திரவர்மனின் தொடக்கமாகக் கொண்டு எல்லாக் கற்களுக்கும் கி.பி. ஆண்டு கணக்கிட்டு இட்டுவிட்டார். எந்திரம் அதனை ஏற்றுக்கொண்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் அம்மன்னனின் ஆட்சித் தொடக்கம் குறித்து வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆய்வு முடிவு ஒன்று, ஆய்வாளர் எவரும் அறியாமலேயே எங்கள் பெயரால் வெளியாகியிருந்தது. பதிவு மறைவதைக் காட்டிலும் இது பெரிய கேடு.

பெயர்களின் நிலையும் இத்தகையதே. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், ஆநிரை மீட்கும் பூசலில் உடனிருந்த கோவிவன் என்னும் நாயின் பெயரைப் பொறித்திருப்பதால் பலரும் அறிந்தது. அக்கல்லில் அரசன் பெயர் மயீந்திரபருமர் என்ற வடிவில் உள்ளது. எங்கள் தரவில் மகேந்திரவர்மன் என்பது மட்டும் இருந்தது. கல்லின் வடிவத்தைக் கொண்டு தேடுவோர்க்கு அக்கல் கிட்டாது. மாற்றுப் பெயருக்கென ஸ்கீமா தனியிடம் ஒதுக்கியிருந்தும் நாங்கள் அதனை நிரப்பவில்லை. மாவட்டப் பெயரில் மூன்று அடுக்குகள் கலந்திருந்தன. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்ட 1972இல் இப்பகுதி வடஆர்க்காடு மாவட்டம். 1989இல் பிரிந்தபோது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். 1997க்குப் பின் திருவண்ணாமலை மாவட்டம். எந்த நூலிலிருந்து செய்தி எடுத்தோமோ அந்த நூலின் மாவட்டம் பதிவில் ஏறிவிட்டது. ‘அண்ணாமலை’ என்று சுருக்கி எழுதிய இடங்களில் நிலைமை இன்னும் மோசம். சிதம்பரத்துப் பல்கலைக்கழகமும் 1992இல் வந்த திரைப்படமும் முன்னே நிற்க, மலை பின்னே போயிற்று.

ஆய்விதழ்களுக்கும் இதில் பங்குண்டு. கூகுள் ஸ்காலர், கட்டுரைப் பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள மேற்கோள் விவரக் குறிகளையும் பிடிஎஃப் கோப்பின் உரையையும் கொண்டு கட்டுரையை இனங்காண்கிறது. நம் இதழ்கள் பலவும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோக்கப்பட்டு அப்படியே கோப்பாக்கப்படுகின்றன. அச்சில் தமிழாகத் தோன்றுவது எந்திரத்துக்குத் தமிழ் அன்று. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல்லுக்குள் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதன் பின்னும் இவ்வாறு வெளியாகும் கட்டுரை தேடலில் தோன்றவில்லை என்று தேடுபொறியைக் குறை கூறுவதில் நியாயமில்லை. ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்தை ஓரிதழ் முன்னும் ஓரிதழ் பின்னும் இடுவதால் ஒருவரே இருவராகப் பிரிவதும் நம் கைவினையே.

வணிக நிறுவனம் ஒன்றின் விதிக்கேற்பத் தமிழாய்வு தன்னை ஏன் வளைத்துக்கொள்ள வேண்டும் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் வினவினார். வலுவுள்ள வினா. நேற்று ஏழு வகைகளைக் கைவிட்ட நிறுவனம் நாளை தரவுத்தொகுப்பு வகையையும் கைவிடலாம். ஆகவே மூலப் பட்டியல் துறையிடம் தனி அட்டவணைக் கோப்பாக இருத்தல் வேண்டும். அதன் படி செனோடோ போன்ற பொது வைப்பகத்தில் நிலைத்த அடையாள எண்ணுடன் சேர்க்கப்படல் வேண்டும். தேடுபொறிக்கான வடிவம் அம்மூலத்திலிருந்து உருவாகும் வடிவங்களுள் ஒன்றாக மட்டும் அமைதல் வேண்டும். 1972 நூல் இட்ட தொடரெண்ணே ஒவ்வொரு கல்லுக்கும் முதல் அடையாளம். அதனை விடுத்துத் தளத்தின் முகவரியை அடையாளமாகக் கொண்டதால்தான் தோற்றம் மாறியதும் எல்லாம் குலைந்தது. முதுகலை மாணவர்க்குப் பதிப்பியல் கற்பிக்கும் தாளில் இப்பட்டியல் பணிக்கு ஓர் அலகு ஒதுக்கவும் துறையில் முன்மொழிந்துள்ளோம்.

இப்போது பெரும்பாலான பதிவுகள் மீண்டுள்ளன. எடுத்தனூர்ப் பதிவில் மயீந்திரபருமரும் கோவிவனும் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளனர். மாவட்டப் பெயர் திருத்தப்பட்டுள்ளது. ஆட்சியாண்டுக்கு இணையான கி.பி. எல்லை எது என்பதில் துறையில் இன்னும் உடன்பாடு எட்டவில்லை. உதவியாளர் இட்ட ஆண்டு நீக்கப்பட்டு அக்கட்டம் வெறுமையாக விடப்பட்டுள்ளது.