லிஃப்ட் ஓட்டிய விமானி

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக மெரினாவில் சாகசக் காட்சி. காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து பிள்ளைகுட்டிகளோடு காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். வெயிலிலும் நெரிசலிலும் மாட்டிக்கொண்டு அன்று 5 பேர் இறந்துபோனார்கள். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது.

நான் போகவில்லை. திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்று தெற்கே துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட நின்றவன் கீழ்வீட்டுப் பையன், 14 வயது. பாக்சிங் பழகுகிறான். காலைப் பயிற்சி முடித்து வந்தவன், கையில் சுற்றிய துணிப்பட்டையை அவிழ்க்கவும் மறந்து வானத்தைப் பார்த்து நின்றான். இந்த ஜெட் விமானங்கள் கண்ணுக்குத் தெரிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும். அந்த இடைவெளியில் கேட்டான்:

"இத ஓட்றதுக்கு யார வேணா எடுத்துப்பாங்களாண்ணா? நம்மள மாதிரி ஆளுங்கள?"

"எடுப்பாங்கடா. படிக்கணும், பரீட்சை எழுதணும், கண்ணு நல்லா இருக்கணும்."

சொன்னது பொய்யில்லை. அவனுடைய அக்கா கேட்டிருந்தால் இந்தப் பதிலை 2016 ஜூனுக்கு முன்னால் சொல்லியிருக்க முடியாது. அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானப் பிரிவில் சேர்ந்தது அந்த மாதம்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் என்றால் அவனுக்கே சொல்லியிருக்க முடியாது. அந்தக் கைப்பட்டையைப் பார்த்ததும் எனக்கு ஒருவர் நினைவு வந்தது. அவரும் பாக்சர். துறைமுகத்தில் திருட்டுத்தனமாகக் கப்பலேறி ஊரைவிட்டு ஓடியவர். பெயர் யூஜீன் புல்லார்ட். போர் விமானம் ஓட்டிய முதல் கறுப்பின அமெரிக்கர்.

1895இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கொலம்பஸ் என்ற ஊரில் பிறந்தார். கறுப்பர்களைக் கும்பலாக வந்து மரத்தில் தொங்கவிட்டுப் போகிற காலம் அது. அப்படி ஒரு கும்பல் அவருடைய அப்பாவைத் தேடி வீட்டு வாசலுக்கே வந்தது. பிரான்சில் கறுப்பனையும் மனிதனாக நடத்துவார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை, மீசை முளைக்கும் முன்பே வீட்டை விட்டுப் போனான். 1912இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் ஒரு ஜெர்மன் கப்பலில் ஒளிந்துகொண்டு ஸ்காட்லாந்து போய் இறங்கினான். லிவர்பூலில் கிடைத்த வேலையெல்லாம் செய்தான், பாக்சிங் கற்றான், 1913இல் சண்டை போடப் பாரிசுக்குப் போனான். அந்த ஊர் பிடித்துப்போயிற்று.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று இன்றைக்கும் குத்துச்சண்டைப் பரம்பரை பேசுகிற நம் பக்கத்துக்கு இந்தக் கதை அந்நியமில்லை. கையில் வேறு சொத்து இல்லாதவன் குத்தைச் சொத்தாக்கிக்கொள்வதை இங்கே மூன்று தலைமுறை பார்த்திருக்கிறது.

1914இல் போர் மூண்டது. அக்டோபரில், 19 வயது முடிந்த கையோடு, புல்லார்ட் பிரெஞ்சு அயல்நாட்டார் படையில் சேர்ந்தார். 1916 மார்ச்சில் வெர்டூன் போர்முனையில் பலத்த காயம். இனி காலாட்படைக்கு ஆகமாட்டார் என்ற நிலையில், விமானப் பயிற்சிக்குப் போகிறேன் என்றார். முடியாது என்று நண்பர் ஒருவர் பந்தயம் கட்டினார். 1917 மே மாதம் விமானி உரிமம் வாங்கிப் பந்தயத்தை ஜெயித்தார் புல்லார்ட். ஆகஸ்டில் போர்முனைக்குப் போய் இருபது தடவைக்கு மேல் பறந்தார். ஜிம்மி என்று ஒரு குட்டிக் குரங்கையும் வளர்த்தார்.

அந்த வருஷம்தான் அமெரிக்காவும் போரில் இறங்கியது. பிரெஞ்சுப் படையில் பறந்துகொண்டிருந்த அமெரிக்கர்களைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டது. புல்லார்டும் மருத்துவப் பரிசோதனைக்குப் போனார், தேறினார். மற்றவர்களுக்கு அழைப்பு வந்தது. இவருக்கு வரவில்லை.

போர் அதற்கு மூன்று வருஷம் முன்பே சென்னைக்கும் வந்துவிட்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகளைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊர் பாதி காலியானது. கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று சொல்கிற பழக்கம் மட்டும் மிச்சம் நின்றது. நம் துறைமுகத்தைச் சுட்டவனை எதிர்த்துப் பறக்க நம் ஆளை விட்டார்களா என்றால், இல்லை. 'தூய ஐரோப்பிய வம்சாவளி' என்று பிரிட்டிஷ்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள்.

அந்த விதியைத் தாண்டியவர் ஹர்தித் சிங் மாலிக். 1894இல் ராவல்பிண்டியில் பிறந்தவர். பதினான்கு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரி, சசெக்ஸ் அணிக்காக முதல்தரக் கிரிக்கெட் என்று வளர்ந்தவர். வசதிக்குக் குறைவில்லை. போரில் சேர நினைத்தபோதுதான் தான் இந்தியன் என்பது உறைத்தது. பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். பிரெஞ்சு விமானப்படை அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. விஷயம் அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் அர்க்கார்ட் காதுக்குப் போக, அவர் பிரிட்டிஷ் விமானப் பிரிவின் தளபதி ஹெண்டர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம்முடைய பிரஜை ஒருவனை நாம் வேண்டாமென்று தள்ள, பிரான்ஸ் எடுத்துக்கொண்டால் யாருக்கு அவமானம்? 1917 ஏப்ரலில் மாலிக் உள்ளே வந்தார், தலைப்பாகையோடு. அதற்கு மேலே மாட்டுகிற மாதிரி ஒரு பெரிய தலைக்கவசம் செய்துகொண்டார். அக்டோபர் 26ஆம் தேதிச் சண்டையில் அவருடைய சாப்வித் கேமல் விமானத்தில் 400க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்திருந்தன. காலில் காயத்தோடு தரையில் வந்து விழுந்தார், பிழைத்தார். பின்னாளில் ஐ.சி.எஸ். அதிகாரியாகி, 90 வயதுவரை வாழ்ந்தார்.

அவருடைய காலத்துப் பையன்தான் கல்கத்தாவின் இந்திரலால் ராய். கண் பார்வை சரியில்லை என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராய் தன்னிடமிருந்த மோட்டார்பைக்கை விற்றார். அந்தக் காசில் பெரிய கண் டாக்டரிடம் காட்டினார். பார்வையில் குறையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் சேர்த்துக்கொண்டார்கள். 1918 ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரத்தில் பத்து விமானங்களை வீழ்த்தினார். 22ஆம் தேதி அவரே சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19.

எங்கள் பக்கத்தில் 1955 முதல் புல்லட் மோட்டார்பைக் தயாராகிறது. பெட்ரோல் டேங்கின் மேல் தங்க நிறக் கோட்டை அடிக்கோல் எதுவும் வைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெறும் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுப்பார்கள். வண்டி என்றால் உயிரை விடுகிற பையன்கள் இந்தத் தெருக்களில் நிறைய. பதினெட்டு வயதில் அதை விற்பது என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.

ராய் வீழ்வதற்கு மூன்று மாதம் முன்பு, 1918 ஏப்ரல் 27, பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர். பின்னி ஆலைத் தொழிலாளிகளின் மனக்குறைகளில் கூலியும் வேலை நேரமும் மட்டுமல்ல, வெள்ளை மேற்பார்வையாளர்கள் நடத்திய விதமும் ஒன்று. வானத்தில் போட்டிருந்த அதே நிறக்கோடுதான் ஆலைக்குள்ளும். ஆலைத் தொழிலாளி அதைத் தாண்டக் கூட்டமாகச் சேர வேண்டியிருந்தது. விமானிக்கு ஒரு கடிதமோ ஒரு டாக்டர் சீட்டோ போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சங்கடம். மாலிக்கின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. 400 குண்டுகளுக்கு நடுவே எந்தக் கடிதமும் காப்பாற்றாது. ஆனால் முன்னோடி என்று நாம் சிலை வைக்கிற பலருக்குப் பின்னால் ஓர் அர்க்கார்ட் இருக்கிறார், விற்பதற்கு ஒரு மோட்டார்பைக் இருக்கிறது. புல்லார்டுக்குத் தன் நாட்டில் கடிதம் எழுத ஆளில்லை. அதனால் அவரைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. நடுநிலையான தீர்ப்பு இல்லைதான்.

கோடு பிறகு மெல்ல அழிந்தது. நியாயம் உறைத்து அழிந்தது கொஞ்சம், ஆள் பற்றாக்குறையால் அழிந்தது அதிகம். 1932 அக்டோபர் 8 இந்திய விமானப்படை பிறந்தது. அடுத்த ஏப்ரலில் கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடு முதல் அணி. பிரிட்டனின் சொந்த விமானப்படை வம்சாவளி விதியைத் தளர்த்தியது 1939இல், அடுத்த போர் கழுத்தை நெரித்தபோது. அமெரிக்காவில் டஸ்கீகீயில் கறுப்பர்களுக்கென்று தனிப் பயிற்சி, தனி அணி. அதற்குத் தலைமை தாங்கியவர் பெஞ்சமின் டேவிஸ். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்த நான்கு வருஷமும் சக மாணவர்கள் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. 1948இல்தான் ட்ரூமன் படைகளில் பாகுபாட்டை நீக்க ஆணை போட்டார்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264ஆம் அணிகளுக்கு 'மெட்ராஸ் மாகாணம்' என்று பெயர். மாகாணத்துப் பணத்துக்கான நன்றி அது. பணத்தை வாங்கும்போது யாரும் வம்சாவளி கேட்கவில்லை. செங்குன்றம் ஏரியில் கேட்டலினா கடல் விமானங்கள் தண்ணீரைக் கிழித்து எழும்பின. சோழவரத்தில் ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்ததும் அது மோட்டார் பந்தயக் களமாகிவிட்டது. 1943 அக்டோபரில் ஓர் இரவு ஜப்பானிய விமானம் ஒன்று வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனதையும் பழையவர்கள் சொல்வார்கள்.

புல்லார்டுக்கு வருவோம். இரண்டு போருக்கும் நடுவே பாரிசில் இரவு விடுதி நடத்தினார். 1940இல் ஜெர்மானியர்கள் வந்தபோது 44 வயதில் மறுபடி துப்பாக்கி எடுத்தார், முதுகில் அடிபட்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. 1949இல் பீக்ஸ்கில் என்ற ஊரில், பால் ராப்சன் கச்சேரிக்குப் போன இடத்தில், கலவரத்தில் போலீஸ்காரர்களே கீழே தள்ளி அடித்தார்கள். புகைப்படம் இருக்கிறது.

1954இல் பிரான்ஸ் அவரை அழைத்தது. பாரிசில் பெயர் தெரியாத போர்வீரனின் நினைவிடத்தில் சுடரேற்ற வைத்தது. அப்போது அதே பாரிசில் சுதந்திர இந்தியாவின் தூதராக இருந்தவர் ஹர்தித் சிங் மாலிக். பிரான்ஸ் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்த அந்த ஆள்தான்.

விழா முடிந்து புல்லார்ட் வேலைக்குத் திரும்பினார். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சென்டரில் லிஃப்ட் ஓட்டுகிற வேலை. சீருடை மாட்டிக்கொண்டு, கதவை மூடி, பொத்தானை அழுத்தி, மாடிக்கு மாடி ஆட்களை ஏற்றி இறக்குவது. 1959இல் பிரான்ஸ் அவருக்கு லெஜியன் டி ஹானர் விருது கொடுத்தது. அந்த டிசம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி பேட்டி எடுத்தது. நிலையம் அதே கட்டடத்தில்தான் இருந்தது. தினமும் அவருடைய லிஃப்டில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்த மனிதர் யாரென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லிஃப்ட் சீருடையிலேயே உட்கார்ந்து பதில் சொன்னார். பதினைந்து பிரெஞ்சுப் பதக்கங்கள் வாங்கியவர்.

1961 அக்டோபரில் இறந்தார். அமெரிக்க விமானப்படை அவரை செகண்ட் லெப்டினன்ட் ஆக்கி ஆணை வெளியிட்டது 1994இல். மருத்துவப் பரிசோதனையில் தேறி 77 வருஷம் ஆகியிருந்தது. அதிகாரிகளில் ஆகக் கடைசிப் படி அது.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் மொட்டை மாடியில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி கேட்டான். குரங்கு வளர்த்த இடம் அவனுக்குப் பிடித்திருந்தது. பிறகு கைப்பட்டையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே கேட்டான்:

"செத்தப்புறம் எந்த யூனிஃபார்ம்ல பொதச்சாங்க?"

"பிரெஞ்சு யூனிஃபார்ம்லதான்."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.