கழுத்துக்கு ஒரு சும்மாடு



மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கு நம் வகுப்பு டூர் போன அன்று, எல்லாரும் தண்ணீரில் கும்மாளம் போட, நான் மட்டும் கரையில் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக் கொண்டிருந்தேன். காரணம், ஸ்டுடியோ அண்ணனிடம் இரவல் வாங்கிய கேமரா! கேனான் 5டி மார்க் 4. பேட்டரியோடு 890 கிராம். 24-70 லென்ஸ் 805 கிராம். ஆக, ஏறக்குறைய 1.7 கிலோ.

"போன்லயே எடுக்கலாமே, இது எதுக்குடா?" என்று கேட்பீர்கள். சுற்றுகிற ராட்டினத்தில் நண்பன் சிரிப்பதைத் தெளிவாகப் பிடித்து, மலரில் பெரிதாக அச்சிட நல்ல கேமரா வேண்டும் என்பதே என் கட்சி. 1.7 கிலோ பெரிய எடையும் அல்ல. கோளாறு, அதை மாட்டிய விதத்தில்!

வீட்டுக்கு வந்ததும், மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் என் அப்பா அந்த ஒல்லி வாரைப் பார்த்துச் சிரித்தார். "சும்மாடு இல்லாம எவன்டா சுமை தூக்குவான்?" என்றார். விசையைப் பரப்பால் வகுக்க வேண்டும் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்து மார்க் வாங்கினவன் நான். பள்ளிக்கூடமே போகாத அப்பாவோ அதைத் தலையிலேயே வைத்திருக்கிறார்!

2.5 செ.மீ. வாருக்குப் பதில் 5 செ.மீ. வார் போட்டால் அழுத்தம் பாதியாகும். அதையும் கழுத்தில் தொங்கவிடாமல், பூணூல் போலத் தோளில் குறுக்காகப் போட்டு, கேமரா இடுப்போரம் ஒட்டி நிற்கும்படி வைக்கணும். முக்காலி மாட்டும் துளையில் வாரைத் திருகுகிறவர்கள் கவனியுங்கள்: அது 1/4 அங்குல மரை, அங்குலத்துக்கு 20 புரி. நடக்க நடக்க அதிர்வில் தளரும். அடிக்கடி முறுக்கிப் பாருங்கள். கேமராவின் பக்க வளையத்திலிருந்து வாருக்கு இன்னொரு கயிறும் கட்டுங்கள்.

ராட்டினத்தில் ஏறும்போது மட்டும் எந்த வாரும் வேண்டாம், கேமராவே வேண்டாம்! 20 மீட்டர் உயரத்திலிருந்து நழுவினால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 70 கி.மீ. கீழே நிற்பது யார் பெற்ற பிள்ளையோ?

அப்படியானால் கீழே யாராவது வைத்துக் கொண்டு நிற்கத்தானே வேண்டும்? அந்த 'யாராவது' எப்போதும் ஒருத்தனே ஆகக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அன்று எடுத்த படங்களில் எல்லாரும் இருக்கிறீர்கள். நான் ஒன்றில்கூட இல்லை. கோபம் இல்லை, நானும் வாய் திறந்து கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு டூர் போகும் தம்பி, தங்கைகளே! ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு அகல வார் போதும். மணிக்கு ஒருவராக முறை வைத்துச் சுமந்து பாருங்கள். மூட்டை பெரிதானால் அப்பாவும் தனியாகத் தூக்குவதில்லை. "ஒரு கை போடுப்பா" என்பார்.

நாமும் ஒரு கை போடுவோம்!