அட்டைக்குள் அடைபட்ட கார்



உங்கள் வீட்டில் பொம்மைக் கார் சேர்ப்பவர் யாரேனும் உண்டா? பிள்ளையைக் கேட்கவில்லை, பெரியவர்களைத்தான் கேட்கிறேன். இருந்தால் இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற மாதம் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டேன். காற்சட்டைப் பையிலிருந்து விரல் நீளப் பந்தயக் கார் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அப்பாவோட கார் சார். அட்டையைப் பிரிச்சிட்டேன். நூறு வெள்ளியாம். வீட்டுக்குப் போக பயமா இருக்கு" என்று அழுதான்.

அவனை அழைத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். தகப்பனார் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். முன்கூடத்துச் சுவர் முழுக்க ஆணியடித்து, பிரிக்காத அட்டைகளோடு அறுபது எழுபது கார்களை மாட்டியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. நான் நின்றதால் கையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது சாதாரணக் கார் இல்ல சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஹாட் வீல்ஸ் கார்கள் 1968-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தவை. 1995-ல் அந்நிறுவனம் 'டிரெஷர் ஹண்ட்', அதாவது புதையல் வேட்டை என்ற வரிசையைத் தொடங்கியது. 12 வகைக் கார்கள். வகைக்கு 10,000 மட்டுமே. 2007 முதல் 'சூப்பர்' என்று இன்னும் அரிய ரகமும் வந்தது. மின்னும் வண்ணம், ரப்பர் டயர். இவற்றைச் சாதாரணக் கார்களோடு கலந்தே கடைக்கு அனுப்புகிறார்கள். அதனால்தான் கடை திறக்கும் முன்பே சிலர் வாசலில் காத்து நிற்கிறார்கள். பத்து வெள்ளிக்கு முன்பின் விற்கும் காரை அள்ளிக்கொண்டு போய், நம்மைப் போன்றவர்களுக்குப் பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

அதுவரை அடுப்படி வாசலில் பேசாமல் நின்ற மனைவி, "பள்ளி வேன் காசு ரெண்டு மாசம் பாக்கி சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் தலை குனிந்துகொண்டார்.

நான் புத்தி சொல்லப் போகவில்லை. அவருக்குக் கதை ஒன்று சொன்னேன். இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்று ஒரு பொறியாளர் இருந்தார். அவர் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. மகளுக்காகச் சாலை போடும் உருளை வண்டி ஒன்றைத் தீப்பெட்டி அளவுக்குச் செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்தன. இத்தனை பெரிய வியாபாரத்துக்கும் வேர், ஒரு தகப்பன் தன் பிள்ளையின் கையில் வைத்த பொம்மை.

"நீங்கள் சின்ன வயதில் எதை ஓட்டினீர்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் கழித்து, "சார்டின் டின்னு சார். பழைய சிலிப்பரை வட்டமா வெட்டி சக்கரம்" என்றார். "கடைக் கார் ஒண்ணுகூட கிடைச்சதில்ல" என்று சொன்னபோது குரல் கம்மியது. அந்தச் சுவரில் தொங்கியது என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எழுந்து வந்து காரை மகன் கையில் கொடுத்தார். பையன் பயத்தில் பிடித்துக்கொண்டே நின்றான். தகப்பனாரே அதை வாங்கிச் சிமெண்டுத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டார். அது அடுப்படி வரை ஓடியது. பிறகுதான் பையன் சிரித்தான்.

பெற்றோர்களே, கார் சேர்ப்பது குற்றமில்லை. பினாங்கில் பிறைத் தொழிற்பேட்டையில் நம் நாட்டுத் தொழிலாளர்களின் கைகளும் இந்தக் கார்களைச் செய்கின்றன. பல கார்களின் அடியில் 'மலேசியா' என்று பொறித்திருப்பதை நீங்களே பார்க்கலாம். ஆனால் அது துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்த பொருள். தங்கமன்று. அவசரத்துக்கு அடகுக் கடையில் நீட்ட முடியாது. இன்னொருவர் ஆசைப்படும் வரைதான் அதற்கு நூறு வெள்ளி.

ஆகவே மளிகை, வேன் காசு, பிள்ளையின் புத்தகம் எல்லாம் போக மிஞ்சியதில் வாங்குங்கள். பிறகு விற்று லாபம் பார்க்கலாம் என்று கடன்பட்டு வாங்காதீர்கள். வாங்குவதில் ஒன்றையாவது அட்டையைப் பிரித்துப் பிள்ளையிடம் கொடுங்கள்.

அந்த லாரி ஓட்டுநர் சுவரிலிருந்து நான்கு கார்களை விற்று வேன் பாக்கியைக் கட்டிவிட்டார். மற்றவை இன்னும் தொங்குகின்றன. பிரித்த கார் மட்டும் தினமும் பள்ளிக்கு வருகிறது. பாடவேளையில் என் மேசை இழுப்பறையில் இருக்கும், இடைவேளையில் ஓடும்.