நல்ல பிள்ளை பெறுவதற்கா சாதி ஒழிப்பு?

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 14 நெருங்கும்போது, சுவரொட்டிகளோடு சேர்ந்து ஒரு வாசகமும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. சாதிக்குள்ளேயே கட்டினால் மூளை வளராத பிள்ளை பிறக்கும், சாதியைத் தாண்டிக் கட்டினால் அறிவுள்ள பிள்ளை பிறக்கும், அறிவியலே நிரூபித்துவிட்டது என்று. ஒரு பக்கம் டிஎன்ஏ படம், மறுபக்கம் அண்ணலின் படம். மாணவத் தோழர்கள் நல்ல எண்ணத்தோடுதான் பகிர்கிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்களாக, சேரிகளிலிருந்து வந்தவர்களாக, நாங்கள் சொல்வது ஒன்றுதான்: தயவுசெய்து அந்த வாசகத்தைக் கீழே போடுங்கள்.

ஆய்வைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். வாசகம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2017இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட குழுக்களைச் சேர்ந்த 2,800க்கும் அதிகமான பேரின் மரபணுக்களை அதில் ஒப்பிட்டிருந்தார்கள். அவற்றில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகி, பிறகு தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டு வந்தவை என்று தெரிந்தது. மரபு நோய்களுக்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட அந்தத் தடயம் இங்கே அழுத்தமாக இருந்தது.

இதன் பொருள் சிக்கலானதல்ல. பழுதான ஒரு மரபணுவின் ஒற்றைப் பிரதி பலரிடமும் இருக்கும். அவர்கள் நலமாகவே இருப்பார்கள். அப்படிப்பட்ட இரண்டு பேர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டு பிரதியும் வந்து சேர்ந்துவிடும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பல அரிய நோய்கள் இப்படித்தான் வருகின்றன. ஒரே மூதாதையரின் மரபணுவே சாதி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தால், சொந்தமே இல்லாத இருவருக்கும் அதே நிலைதான். தமிழ்நாட்டில் மருத்துவர்கள் "மாமனைக் கட்டினியா, அத்தை மகனைக் கட்டினியா" என்று தாயைத்தான் குடைகிறார்கள். அந்தக் கேள்வியில் தவறில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு-5இன்படி இங்கே ஏறத்தாழ 28 விழுக்காடு திருமணங்கள் உறவுக்குள்தான் நடக்கின்றன. ஆனால் சாதி என்கிற பெரிய வேலியைப் பற்றி எந்த மருத்துவரும் வாய் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. அவருக்கும் அந்த வேலிக்குள்தானே வரன் பார்த்திருப்பார்கள்.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் அகமணமுறையே சாதியின் சாரம் என்று வாதிட்டார். நூறாண்டு கழித்து ஆய்வுக்கூடத்தில் அதன் தழும்பு தெரிகிறது. அதைக் கண்டதும் "பார்த்தாயா" என்று சொல்லத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தப் "பார்த்தாயா" யாருடைய முதுகில் ஏறி நின்று சொல்லப்படுகிறது என்பதுதான் எங்கள் சண்டை.

வாசகம், முதலாவதாக, பொய். டவுன் சிண்ட்ரோம் 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதால் வருவது. எந்த நாட்டிலும், எந்தச் சாதியிலும், கலப்பு மணம் செய்தவர்களுக்கும் வரும். ரெட் சிண்ட்ரோமுக்குக் காரணமான மாற்றம் பெரும்பாலும் அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுவது. பெற்றோரிடம் அது இருக்காது. ஃப்ரஜைல் எக்ஸ், எக்ஸ் குரோமோசோம் வழியாகக் கடத்தப்படுவது. தாய் யாரை மணந்தாலும் அதன் வாய்ப்பு மாறாது. மரபணுவே சம்பந்தப்படாத காரணங்கள் எத்தனை! பிரசவத்தில் மூச்சுத் திணறியது, பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை, தாய்க்கு அயோடின் குறைவு, மூளைக்காய்ச்சல். இவற்றில் பல, ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் தெருவுக்குள் வந்தது என்பதோடு தொடர்புள்ளவை. நம் தெருக்களுக்குள் அது எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பிரிட்டனில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் சுமார் 6,000 குடும்பங்களை ஆராய்ந்து 2018இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இரண்டு பிரதியும் சேர்வதால் வரும் வகை, ஐரோப்பிய மரபினரில் 3.6 விழுக்காடு, பாகிஸ்தானிய மரபினரில் 31 விழுக்காடு. ஐரோப்பிய மரபினரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் காரணம் புதிதாகத் தோன்றிய மாற்றம். வெளியே மணந்தாலும் குழந்தைகள் குறைபாட்டோடு பிறப்பார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மருத்துவம் தேடிவந்த அதே பாகிஸ்தானியக் குடும்பங்கள்தான் இன்று அங்கே அரசியல் பேச்சில் அடிபடுகின்றன. 2024 டிசம்பரில் உறவுத் திருமணத்தைத் தடைசெய்யும் மசோதா அந்த நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. ஆய்வு எண் ஒன்று வெளியே வந்துவிட்டால், அதை முதலில் எடுத்து வீசுகிறவர் யார் என்பது எப்போதும் அரசியல்தான்.

பொய் என்பதுகூடச் சின்னக் குற்றம். வேலையின்போது ஒரு தாய் எங்களிடம் கேட்டது இது: "நாங்க சாதிக்குள்ள கட்டுனதாலதான் இப்படினு நம்ம பசங்களே போட்டிருக்காங்களேக்கா, அப்ப எம் பொண்ணு என்ன, தண்டனையா?" ஊரார் பூர்வ ஜென்மத்துப் பாவம் என்றார்கள். மாமியார் வீட்டில் இவள் வயிறு சரியில்லை என்றார்கள். கடைசியாக நம் இளைஞர்கள் அகமணத்தின் பலன் என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு இந்த மூன்றுக்கும் இடையே என்ன வித்தியாசம்?

இன்னொரு வீட்டையும் நினைத்துப் பாருங்கள். சாதி மறுத்து மணந்த இணையருக்கு டவுன் சிண்ட்ரோமோடு குழந்தை பிறக்கிறது. நான்கு வருடம் பேசாத சொந்தக்காரர்கள் முதல்முறையாக வந்து நிற்பார்கள், "எங்க பேச்சைக் கேக்காம கட்டுன, பாத்தியா" என்று சொல்ல. நம் வாசகம் சரியென்றால் அந்த வீட்டில் நாம் தோற்றோம். குழந்தையின் 'தரத்தை' வைத்துத் திருமணத்தை அளக்கிற தராசை நாமே தூக்கிக் கொடுத்தபின், அதில் எதிரி எடை போட்டால் எப்படிக் கோபப்பட முடியும்?

அந்தத் தராசு எங்கே செய்யப்பட்டது என்று பாருங்கள். 1866இல் ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் அறிவுசார் குறைபாடுள்ளவர்களை இனவாரியாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்த இந்தப் பிள்ளைகள், 'கீழான' இனங்களின் சாயலுக்குச் சரிந்துவிட்டவர்கள் என்பது அவர் கணிப்பு. மங்கோலிய வகை, மலாய் வகை, எத்தியோப்பிய வகை என்று பட்டியல்கூட உண்டு. இன்று டவுன் சிண்ட்ரோம் என்கிறோமே, அதற்கு நூறாண்டு காலம் 'மங்கோலிசம்' என்று பெயர். 1959இல் கூடுதல் குரோமோசோம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. மங்கோலியா நாடு ஆட்சேபித்த பிறகுதான், 1965இல், உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதை நாம் மனுவிடம் படித்தோம். லண்டன் மருத்துவர் அதையே மண்டை ஓட்டிலும் கண் இமையிலும் படித்தார்.

அடுத்தவர் அமெரிக்கர் ஹென்றி கோடார்ட். நியூஜெர்சியில் வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியின் ஆய்வாளர். பாடத்தில் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய பிரான்சில் உருவான பினே சோதனையை, மனிதர்களைச் சலித்துத் தள்ளும் சல்லடையாக்கியவர். 1912இல் ஒரே குடும்பத்தின் 'நல்ல' கிளை, 'கெட்ட' கிளை என்று புத்தகம் போட்டார். அந்தக் காற்றில்தான், 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரி பக் என்ற ஏழை இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அவரும், அவர் தாயும், கைக்குழந்தையான மகளும் அறிவு குன்றியவர்கள் என்று சொல்லப்பட்டது. அந்த மகள் பின்னாளில் பள்ளியில் நன்றாகப் படிக்கும் மாணவியர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் இறந்துபோனாள். அமெரிக்காவில் மட்டும் 60,000க்கும் மேற்பட்டோருக்கு இப்படிக் கருத்தடை செய்தார்கள். ஜெர்மனி இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு எங்கே போய் முடிந்தது என்று தெரியும். ஒரு சின்னச் செய்தி: நம் ஊரில் அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் சமூக முதிர்ச்சி அளவுகோலும் அதே வைன்லேண்ட் பள்ளியில், கோடார்டுக்குப் பின் வந்தவர் உருவாக்கியதுதான். அளவுகோலே கூடாது என்று சொல்லவில்லை. அதன் பிறப்பிடம் தெரிந்து கையாளுங்கள் என்கிறோம்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைத்தால், 1994 பிப்ரவரி, புனே. ஷிரூர் அரசுக் காப்பகத்திலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களைக் கொண்டுபோய், புனே அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பது சொன்ன காரணம். பெண்ணுரிமை அமைப்புகள் போராடியதால் மற்றவர்கள் தப்பினார்கள். கைகழுவப்பட்ட அந்தப் பெண்களுக்காகக் குரல் கொடுக்க அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கமாட்டார்கள் என்ற தைரியம்தான் அந்தக் கத்தியைப் பிடித்தது.

மேடைப் பேச்சுக்கு வருவோம். சாதிவெறியனைத் திட்ட 'மூளை வளர்ச்சி இல்லாதவன்' என்பது நம் பேச்சாளர்களுக்குக் கைதட்டல் வாங்கித் தரும் சொல். சாதிவெறியன் நன்றாக மூளை வளர்ந்தவன், தோழர்களே. திட்டமிட்டு அரிவாள் எடுக்கிறவன். 'தகுதி' பேசுகிறவர்களிடம் "எங்களுக்கும் அறிவு இருக்கிறது" என்று பதில் சொல்வது நியாயம்தான். ஆனால் அத்தோடு நின்றால், அறிவு இருந்தால்தான் உரிமை என்ற அவர்களது விதியை ஒப்புக்கொண்டதாகிவிடும். நம் தெருவில் பத்து வரை எண்ணத் தெரியாத இருபது வயதுப் பையனுக்கு அந்த விதியில் இடமில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் நாம் மனிதர் என்று கேட்கிறோமா, இல்லையா?

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, சாதியை இனமேம்பாட்டியலால் நியாயப்படுத்தியவர்கள் எதிரில் இருந்தார்கள். அவர்களுக்குப் பதிலும் சொன்னார். ஆனால் கலப்பு மணத்தை அவர் முன்வைத்தது, ரத்தம் கலந்தால்தான் ஒருவரை ஒருவர் உறவாக உணர முடியும் என்பதற்காக. உறவு என்றால் வீட்டில் எப்படிப்பட்ட பிள்ளை பிறந்தாலும் உறவு.

அப்படியானால் ஆய்வை ஒதுக்கிவிடலாமா? கூடவே கூடாது. ஆய்வின் பலன்களில் நமக்குச் சேரவேண்டியதைக் கேட்டு வாங்கவேண்டும். 'ஜீனோம் இந்தியா' திட்டம் 83 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நல்லது. அந்தத் தரவிலிருந்து எந்தச் சமூகத்துக்கு எந்த நோய்க்கான பரிசோதனை மலிவாகக் கிடைக்கப்போகிறது? ரத்தம் கொடுத்தவருக்கு அவர் மொழியில் யார் வந்து விளக்குவார்கள்? எங்கள் பகுதியில் ஒரு குழு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனது. முடிவு சொல்ல வரவில்லை. கையெழுத்து வாங்கிய தாளின் நகல்கூடத் தரவில்லை. கட்டுரை வெளியாகியிருக்கும்.

அரிய மரபணுக்கள் இருக்கட்டும். பிறவித் தைராய்டு குறைபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஏறத்தாழ 1,100 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரை ஆரம்பித்தால் பெரும்பாலான குழந்தைகளின் மூளை வழக்கம்போல் வளரும். மிக மலிவான மாத்திரை அது. தவறவிட்டால் வாழ்நாள் முழுவதும் குறைபாடு. பணமுள்ளவர் பிரசவம் பார்க்கும் தனியார் மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை சாதாரணம். நாடு முழுக்க ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் கட்டாயம் என்ற நிலை இன்னும் வரவில்லை. ஒரு குழந்தை குறைபாடு தவிர்க்கப்பட்டு வளர்வதும், குறைபாட்டோடு பிறந்த குழந்தை மதிப்போடு வாழ்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று யார் சொன்னது? இரண்டையும் கேட்போம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்த மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரில் 2.45 விழுக்காடு. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சண்டிகர் கலைக் கல்லூரியில் இடம் கேட்ட அறிவுசார் குறைபாடுள்ள இளைஞரின் வழக்கில், பட்டியல் சாதியினருக்குள்ள மதிப்பெண் தளர்வு மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் இரண்டும் ஒரே ஆளாக இருப்பவரை யாருக்கும் நினைவில்லை. சாதிச் சான்றிதழுக்கு ஒரு வரிசை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இன்னொரு வரிசை, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மூன்றாவது வரிசை. மூன்றிலும் கூலியை விட்டுவிட்டு நிற்பது ஒரே தாய்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போகிற தோழர்கள் இதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள்: நம் வட்டார அரசு மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குதிகால் ரத்தப் பரிசோதனை; மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போகப் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும்; சான்றிதழ் முகாம் ஊர்ப் பள்ளியில் மட்டுமன்றிக் காலனியிலும். தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதும்வரை எழுந்து வராதீர்கள்.