காட்டும் தேதி வேறு, காக்கும் தேதி வேறு

2023 மார்ச்சில் ஜாவா 20 வெளிவந்தபோது, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் சில, நேரத்தைப் படிக்க முடியாமல் பிழை காட்டின. திரையில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதே 3:30 பி.எம்.தான். ஆனால் எண்ணுக்கும் பி.எம்.முக்கும் நடுவே இருந்தது வழக்கமான இடைவெளி அல்ல. வரி முறியாத குறுகிய இடைவெளி என்னும் வேறொரு குறியுரு. யூனிகோட் பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். வட்டாரத் தரவுத்தொகுப்பின் 42ஆம் பதிப்பில் ஆங்கிலத்துக்குச் செய்யப்பட்ட மாற்றம் அது. அதே தரவு குரோம் 110 உலாவிக்கும் போய்ச் சேர்ந்தது. இணையதளங்கள் தடுமாறவே, அதன் ஜாவாஸ்கிரிப்ட் பொறியைப் பராமரிப்பவர்கள் பழைய இடைவெளியையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இது முதல் முறையும் அல்ல. 2021இல் ஜாவா 16 வந்தபோது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் செப்டம்பரின் சுருக்கம் மூன்றெழுத்திலிருந்து நான்கெழுத்தாகி, பல சோதனைகள் தோற்றன.

இரண்டு இடத்திலும் தரவுத்தொகுப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மக்களின் எழுத்துவழக்கு மாறும்போது அதுவும் மாறத்தான் வேண்டும். மனிதர் படிப்பதற்காக உருவான சரத்தை எடுத்து மறுபடி பார்ஸ் செய்யும் நம் பழக்கம்தான் குற்றம்.

நிரல் உடைந்தால் குறைந்தபட்சம் தெரிந்துவிடுகிறது. சத்தமில்லாமல் நடக்கும் தவறுதான் ஆபத்து. நாள்/மாதம்/ஆண்டு என்ற நம் வழக்கப்படி எழுதிய சி.எஸ்.வி. கோப்பை, அமெரிக்க ஆங்கில அமைப்பிலேயே விடப்பட்ட கணினியில் எக்செல் கொண்டு திறந்து பாருங்கள். 05/03/2024 மே 3 ஆகிவிடும். 13/03/2024இல் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அது வெறும் உரையாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். வலப்பக்கம் நிற்பவை தேதியாக ஏற்கப்பட்டவை, ஆகவே சரியானவை என்று கண் நம்பிவிடும். உண்மையில் நாளும் மாதமும் இடம் மாறியிருப்பது அவற்றில்தான். அது மருந்தின் காலாவதித் தேதியாக இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் உட்கார்ந்து சோதிப்பவருக்குத் தென்படாத பிழையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 2024-03-05 என்று மட்டும் கொடுத்தால், அதை உலகப் பொது நேர நள்ளிரவாக அது எடுத்துக்கொள்ளும். நமக்கு அது அதே நாள் காலை 5:30. தேதி சரியாகவே தெரியும். நியூயார்க்கில் இருப்பவர் திரையில் மார்ச் 4 என்று வரும். அங்கே ஒருவருடைய பிறந்தநாள் ஒருநாள் முன்னதாகிவிடுகிறது.

மருந்து புதிதல்ல. ஐ.எஸ்.ஓ. 8601 தரம் 1988 முதல் இருக்கிறது. சேமிக்கும்போதும் பரிமாறும்போதும் ஆண்டு-மாதம்-நாள் வரிசை மட்டுமே போதும். நிகழ்ந்த கணத்தைக் குறிப்பதானால் உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுங்கள். பிறந்தநாள் போன்ற வெறும் தேதிக்கு நேரத்தை ஒட்டவே ஒட்டாதீர்கள். அதற்கென்று உள்ள தனி வகையைப் பயன்படுத்துங்கள். பயனருடைய லோகேலை, அதாவது மொழி-வட்டார அமைப்பை, திரைக்கு அனுப்பும் கடைசிப் படியில் மட்டும் தொடுங்கள். கணினியின் இயல்பு அமைப்பை நம்பாமல் எந்த லோகேல் என்பதை நிரலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். சோதனைகளைக் குறைந்தது இரண்டு லோகேல்களிலும், கிரீன்விச்சுக்குக் கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு நேர மண்டலங்களிலும் ஓட்டுங்கள். சோதனைத் தேதியின் நாள் 12க்குள் ஒன்றும் 12க்கு மேல் ஒன்றுமாக இருக்கட்டும்.

அடுத்த இதழிலிருந்து, தேதியைக் கையாளும் நிரல்துண்டு எதுவானாலும் அதில் லோகேலும் நேர மண்டலமும் குறிப்பிடப்பட்டிருந்தால்தான் ஏற்போம். எழுதுவோருக்கு இது கூடுதல் வேலைதான். ஆனாலும் நம் கட்டுரைகளில் வரும் நிரல்களை அப்படியே எடுத்துத் தம் பணியில் சேர்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் தரும் பழக்கம் சரியானதாக இருக்க வேண்டும்.