தேய்வு அன்று, கரைவு

ஓயாது உழைத்தும் நம் கவனத்திற்கு வாராத உறுப்புகளுள் தாடை மூட்டும் ஒன்றாகும். செவிக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அதன் அசைவை எவரும் உணரலாம். கீழ்த்தாடை எலும்பின் இரு கோடிகளிலும் சிறு குமிழ் போன்ற பாகம் ஒன்று உண்டு. மண்டையோட்டின் அடியிலுள்ள குழியில் அது சுழன்றும் வழுக்கியும் இயங்குகிறது. அக்குமிழின் உயரம் குறையுமாயின் கீழ்த்தாடை முழுவதுமே நிலை பெயர்ந்துவிடும். தாடையைத் திருத்தும் ரண சிகிச்சைக்குப் பின் இளவயதினர் சிலருக்கு இவ்விதம் நேர்வதுண்டு. இதனை நோயாளிக்கு எச்சொற்களால் அறிவிக்கிறோம் என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

பின்னடைந்த தாடையை முன்கொணரும் ரண சிகிச்சை புதியதன்று. வாயின் உட்புறமாகவே கீறி, கீழ்த்தாடையை இருபுறமும் நெடுக்குவாட்டில் பிளந்து நகர்த்திப் பொருத்தும் முறையை டிரௌனர், ஓப்வேகேசர் என்னும் இரு நிபுணர்கள் 1957-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவ ஏட்டில் விளக்கினர். இன்று நம் நாட்டின் பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் இது நடைபெறுகிறது. பெரும்பாலோருக்கு நற்பயனே விளைகிறது. மெல்லும் திறன் கூடுகிறது. முகம் ஒழுங்கு பெறுகிறது. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவோர் சிலருக்கு அத்தொல்லையும் குறைகிறது. ஆகவே இச்சிகிச்சையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

ஆயினும் ஒரு சிலருக்கு, சிகிச்சை முடிந்து ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரையிலான காலத்தில், மூட்டுக் குமிழ் சிறுகச் சிறுகக் கரையத் தொடங்குகிறது. முன்கொணர்ந்த மோவாய் மீண்டும் பின்வாங்குகிறது. கடைவாய்ப் பற்கள் மட்டும் பொருந்த, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. வலி பலருக்கு இருப்பதில்லை. இருப்பின் கவனித்திருப்பார்கள், இல்லாமையே இந்நோயின் கொடுமை எனலாம். இதற்கு ஆளாவோர் பெரும்பாலும் இளம் பெண்களே. தாடை மிகவும் பின்னடைந்து செங்குத்தாகச் சரிந்திருத்தல், குமிழ் ஆதியிலேயே மெலிந்திருத்தல், முன்பே மூட்டுக்கோளாறு இருத்தல், தாடையைப் பெரிய அளவில் முன்னகர்த்துதல் ஆகியவை அபாயத்தை மிகுவிக்கின்றன. ஆய்வாளர் தரும் விகிதமும் நூற்றுக்கு ஒன்று முதல் முப்பது வரை வேறுபடுகிறது. யாரை ஆராய்ந்தனர், எவ்வாறு அளந்தனர் என்பதே இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாகும்.

இது எங்ஙனம் நேர்கிறது? எலும்பு என்பது உயிரற்ற கல்லன்று. அதனைக் கரைக்கும் உயிரணுக்களும் கட்டும் உயிரணுக்களும் இடையறாது வேலை செய்கின்றன. தாடை நகர்ந்ததும் இழுபட்ட தசைகளும் மென்திசுக்களும் குமிழின்மேல் புதிய பாரத்தைச் சுமத்துகின்றன. ஓரளவுவரை குமிழ் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். எல்லை கடந்தால் கட்டும் வேலையைக் கரைக்கும் வேலை முந்திவிடுகிறது. ரண சிகிச்சையே செய்துகொள்ளாத இளம் பெண்களிடத்தும் இந்நோய் காணப்படுவதால், ஹார்மோன்களுக்கும் இதில் பங்குண்டு என நிபுணர் ஐயுறுகின்றனர்.

இனி, சொல்லுக்கு வருவோம். விஞ்ஞான நூல்களைத் தமிழாக்குவோர் இந்நிகழ்ச்சியை 'எலும்புத் தேய்மானம்' என்று எழுதிவிடுவதுண்டு. நானும் அச்சொல்லைக் கையாண்டிருக்கிறேன். தேய்மானம் என்றதும் நம் மக்களுக்கு நினைவில் எழுவது பாட்டியின் முழங்கால். முதுமையில் உராய்ந்து குறைவது. இந்தியில் வழங்கும் 'கிஸ்னா' என்னும் சொல்லும் இப்பொருளையே தரும். இருபது வயதுப் பெண் இச்சொல்லைப் படித்துவிட்டு, இது தனக்குரியதன்று என்று பக்கத்தைப் புரட்டிவிடுவாள். உண்மையில் இது தேய்வு அன்று. உடல் தன் எலும்பைத் தானே கரைத்து மீட்டுக்கொள்ளும் கரைவு. அவ்வாறே எழுதுவதுதான் முறை.

அரிதாக நேர்வதைக் கூறி நோயாளியை அச்சுறுத்தலாமா என்று மருத்துவர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. சம்மதம் பற்றி 2008-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, போதிய விவரங்களை அறிந்து தரும் சம்மதமே செல்லும் என்றது. மிகத் தொலைவான, ஏட்டளவான அபாயங்களை விளக்க வேண்டுவதில்லை என்றும் கூறிற்று. ஆனால், மேற்கூறிய அடையாளங்கள் உள்ள பெண்ணுக்கு இது ஏட்டளவான அபாயமா? அன்று என்பதே என் கருத்து. மேலும், பற்களில் பூட்டிய கம்பிகளைக் கழற்றுவதும், நோயாளி மருத்துவமனைக்கு வருவதை நிறுத்துவதும் பெரும்பாலும் சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் நிகழ்கின்றன. கரைவு தொடங்கும் காலமும் அதுவே. அறியாதவள் திரும்பி வரமாட்டாள். பல் மீண்டும் கோணிவிட்டது என்று தன்னையே நொந்துகொள்வாள்.

ஆகவே மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, சிகிச்சைக்கு முன்பே மூட்டைப் பரிசோதித்துப் படமெடுத்து வைத்தல். இரண்டாவது, ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு முடிவுகளில் அதே முறையில் மீண்டும் படமெடுத்து முந்தைய படங்களோடு ஒப்பிடல். மூன்றாவது, நோயாளியின் தாய்மொழியில் எளிய பக்கம் ஒன்று: 'முன்பற்களுக்கிடையே இடைவெளி தோன்றினாலும், மோவாய் பின்வாங்கினாலும், வலி இல்லை என்று இராமல் உடனே வருக' என்று.

கரைவை உறுதியாய்த் தடுக்கும் மருந்து இன்றளவும் நிலைபெறவில்லை. எனினும் முன்னரே கண்டால், மூட்டின் பாரத்தைக் குறைக்கும் பற்கவசம் அளிக்கலாம். அழற்சிக்கு மருந்து தரலாம். கரைவு நடந்துகொண்டிருக்கையில் அவசரப்பட்டு மறுபடியும் தாடையை நகர்த்தினால் அதுவும் வீணாகக்கூடும். கரைவு அடங்கியதைப் படங்களால் உறுதி செய்துகொண்ட பின்னரே அடுத்த முயற்சி தகும். மிகவும் கரைந்துபோனோருக்குச் செயற்கை மூட்டும் தேவைப்படலாம்.

நோயாளி கையொப்பமிடும் தாளில் ஒரு சொல்லைத் திருத்துவது சிறு காரியமே. ஆயினும் அச்சொல்லைக் கொண்டுதான் அவள் தன் தாடையைக் குறித்து முடிவு செய்கிறாள். அதனைச் சரியாக எழுதும் பொறுப்பில் மருத்துவரோடு மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு உண்டு.